நாற்பத்தைந்து எழுத்துத் தூசி

1970ஆம் ஆண்டு பிப்ரவரி பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். பனிக்காலம் விட்டுப்போயிருந்தது, கோடை வெயில் இன்னும் முழுதாக ஏறவில்லை. மேற்கேயிருந்து காற்று, காற்று முழுக்கக் கரிசல் புழுதி. பள்ளிக்கூட ஆண்டு விழா மேடைக்குக் கட்டியிருந்த பச்சைத் துணி நான்கு முறை உப்பி நான்கு முறை அடங்கிய நேரத்தில், ஆறாம் வகுப்புப் பையனான நான் மைக் முன்னால் நின்று, ஆங்கிலத்தில் நாற்பத்தைந்து எழுத்துள்ள ஒரு நோயின் பெயரை ஒரே மூச்சில் சொன்னேன்.

நியூமோனோ-அல்ட்ரா-மைக்ரோ-ஸ்காப்பிக்-சிலிக்கோ-வால்கேனோ-கோனி-ஓசிஸ்.

நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். போன மாதம் எட்டயபுரம் ரோட்டு மண்டபத்தில் நாம் மறுபடி கூடியபோதும் அதற்காகத்தான் கைதட்டத் தயாராக இருந்தீர்கள். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் படித்தோம். வந்திருந்தது பதினேழு பேர். சாப்பாடு முடிந்து, பீடாவும் முடிந்தபிறகு, உங்களில் ஒருவர், "ஏலே கணக்குப்பிள்ள, அந்த ரயில்வண்டி வார்த்தைய இன்னொரு தரம் எடுத்து விடுலே" என்றார். நான் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியேறினேன். "வயசாயிட்டுல்லா, கோவம் பொத்துக்கிட்டு வருது" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது.

கோபம் இல்லை, நண்பர்களே. குமட்டல். எதற்கென்று சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

என் அப்பா பஞ்சு மில்லில் புளோரூம் ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். புளோரூமுக்குள் நீங்கள் யாரும் போனதில்லை. கட்டுக் கட்டாக வருகிற பஞ்சைப் பிரித்து உதறி இயந்திரத்துக்குக் கொடுக்கும் முதல் அறை அது. காட்டிலிருந்து பருத்தியோடு ஒட்டி வந்த இலைச் சருகு, காய்த் தொலி, கரிசல் மண் எல்லாம் அங்கேதான் பஞ்சை விட்டுக் காற்றில் ஏறும். நான்கு மணிச் சங்கு ஊதி அப்பா வீட்டுக்கு வரும்போது புருவம், காதுமயிர், மூக்குத் துவாரம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். குளிக்கும் முன் அறுபது வயது, குளித்தபின் முப்பத்தாறு. முப்பத்தாறுதான் உண்மையான வயது.

அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு கொட்டாங்கச்சி இருக்கும். அதில் பாதிவரை அடுப்புச் சாம்பல். இருமித் துப்புவது அதில்தான். காலையில் அதை ஓடையில் கொட்டிவிட்டுப் புதுச் சாம்பல் போடுவது என் வேலை. சளிக்குள் நூல் நூலாகப் பஞ்சு இருக்கும். சாம்பல் அதைச் சுற்றிப் பிடித்து உருண்டை உருண்டையாகத் திரண்டு, பூனை கக்கிய மயிர்போலக் கிடக்கும். ஓடையில் சாய்க்கும்போது உடனே விழாது, ஒட்டிக்கொண்டு தொங்கும். குச்சியால் தள்ள வேண்டும். இன்றுவரை பிடிகொழுக்கட்டை எனக்குத் தொண்டையில் இறங்காது. வீட்டில் காரணம் கேட்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் சொல்கிற காரணமா அது?

கொட்டாங்கச்சியைக் கழுவுகிறவனுக்குத் தெரியும் ஒரு விஷயம்: திங்கட்கிழமை அது நிறையும், சனிக்கிழமை கால்வாசிகூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மில் லீவு; அன்று வெறும் சாம்பல்தான். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். மூச்சு வாங்கும். வாரம் ஏற ஏற இருமல் இறங்கும்.

இதைப் பார்த்து எங்கள் தெருவே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு, லீவு நாளில் ஆள் எங்கேயோ போகிறார், மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அப்படியானால் குடி. அப்போது மதுவிலக்கு இருந்தது. கள்ளச் சாராயம் வேலிக்கருவைக் காட்டுக்குள் விற்றது. குடித்தால் போலீஸ், மில்லில் சீட்டுக் கிழிப்பு.

"குடிக்காத மனுசனுக்கு அது என்ன திங்கக்கிழம மட்டும் நெஞ்சு அடைக்கி? நெஞ்சுக்குக் கெழம தெரியுமா?" என்று அம்மா கேட்பாள்.

அம்மா என்னை உளவுக்கு அனுப்பினாள். நான்கு ஞாயிறு அப்பாவுக்குப் பின்னால் போனேன். நான்கு முறையும் அவர் போனது கண்மாய்க் கரைக்கு. கண்மாயில் பாதித் தண்ணீர் வற்றி, மீதி இடம் வெடித்துக் கிடந்தது. ஒரு உடைமரத்தடியில் நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை உட்கார்ந்திருப்பார். வேறு ஒன்றும் செய்யமாட்டார். மூன்றாவது ஞாயிறு திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டார்.

"ஏலே, ஒளிஞ்சு ஒளிஞ்சு முள்ளக் குத்திக்கிடாத. வா இங்கன."

போனேன்.

"இங்கன என்னப்பா செய்யுதீங்க?"

"மூச்சு விடுதேன்."

"வீட்டுல விட்டா என்ன?"

"வீட்டுல ஒங்கம்மா எண்ணுதா. வெளியில வந்தா நீ எண்ணுத. நான் எங்கனதாம்ல போய் விட?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருமல் வரவில்லை. எண்ணினேன்: இரண்டு மணி நேரத்தில் மூன்றே இருமல்.

வீட்டுக்கு வந்து, அப்பா குடிக்கவில்லை, கண்மாயில் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று அம்மாவிடம் சொன்னேன். "ஒனக்கு என்ன முட்டாயி வாங்கிக் குடுத்தாவ?" என்று கேட்டு என் வாயை முகர்ந்து பார்த்தாள்.

நான் அப்போதே எதையும் எண்ணாமல் விடாதவன். பதினைந்து காசுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அப்பா மாலை நான்கு மணியிலிருந்து இராச்சாப்பாடுவரை இருமுவதை ஒவ்வொரு நாளும் கோடு போட்டு எண்ணினேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி தொடங்கிய வாரத்தின் கணக்கு இன்றும் நினைவிருக்கிறது. திங்கள் நூற்றுப் பதினொன்று. செவ்வாய் அறுபத்தாறு. புதன் நாற்பத்தைந்து. வியாழன் முப்பத்தொன்று. வெள்ளி இருபத்துநான்கு. சனி பதினெட்டு. ஞாயிறு எட்டு. ஒரே ஒரு வாரம் மட்டும் மாறியிருந்தது. ஜனவரி இருபத்தாறு திங்கட்கிழமை. குடியரசு தினத்துக்கு மில் லீவு. அந்தத் திங்கள் ஒன்பதே இருமல். செவ்வாய் நூற்றேழு. நெஞ்சுக்குக் கிழமை தெரியவில்லை, லீவு தெரிந்திருந்தது. பதினோரு வயதில் அந்த இடத்தில் இரண்டு அடிக்கோடு இழுத்து வைத்தேன். ஏன் என்று மட்டும் தெரியவில்லை.

இனி கம்பவுண்டர். மில் ஆஸ்பத்திரியில் டாக்டர் மாதத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். மீதி இருபத்தெட்டு நாளும் டாக்டர் கம்பவுண்டர்தான். திங்கட்கிழமை நெஞ்சடைப்பு என்று வருகிறவர்களுக்குச் சிவப்பு மிக்சர் ஒரு அவுன்ஸ் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு பேரேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவார். குறி என்றால் குடி. மூன்று குறி விழுந்தால் நிரந்தர வேலை போய், ஆள் பதிலி ஆகிவிடுவார். பதிலி என்றால் தினமும் காலையில் கேட்டில் நிற்க வேண்டும். யாராவது வராவிட்டால்தான் அன்றைக்கு வேலை. அப்பா பெயரில் அந்தத் தை மாதத்துக்குள் இரண்டு குறி விழுந்திருந்தது.

அந்தக் கம்பவுண்டர்தான் எனக்கு அந்த வார்த்தையைக் கற்றுக்கொடுத்தவர்.

ஆண்டு விழாவுக்குத் தலைமை மில் மேனேஜர். மில் தொழிலாளி மகன் ஒருவன் ஏதாவது செய்து அசத்த வேண்டும் என்று தலைமையாசிரியருக்கு ஆசை. "நான் தயார் பண்ணுதேன் ஒருத்தன" என்று கம்பவுண்டர் பொறுப்பெடுத்தார். எந்தக் காலத்து டாக்டரோ விட்டுப்போன தலையணை கனத்துக்கு ஒரு ஆங்கில மருத்துவ அகராதி அவரிடம் இருந்தது. அதிலேயே நீளமான வார்த்தை இதுதான் என்று விரலை வைத்துக் காட்டினார். விரலில் வெற்றிலைச் சுண்ணாம்பு.

காலி மருந்து சீசா ஒன்றை எடுத்தார். வேளைக்கு இவ்வளவு குடிக்க வேண்டும் என்று காட்டுவதற்காகப் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைச் சீசாவில் ஒட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்படி எட்டுப் பல் வெட்டி ஒட்டி, பல்லுக்கு ஒன்றாக வார்த்தையின் எட்டுத் துண்டையும் எழுதினார். "ஒரு நாளைக்கு ஒரு டோஸ்லே. எட்டு நாள்ல மருந்து உள்ள எறங்கிரும்."

முதல் டோஸ் நியூமோனோ: நுரையீரல். "முன்னால ஒரு 'ப்' எழுதிருக்குல்லா, அது பேசாது. எழுத்துல இருக்கும், வாயில வரப்பிடாது. எங்க சொல்லு." சொல்லிக் காட்டும்போது அவர் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு தெறிக்கும். ஒரு நாளில் ஆறேழு முறை முகத்தைத் துடைத்திருக்கிறேன். அவர் பார்க்காதபோதுதான். அந்தப் புகையிலை நாற்றமும் சிவப்பு மிக்சரின் சோம்பு வாடையும் கலந்த வீச்சம்தான் இன்றைக்கும் எனக்குக் கிரேக்கமொழி.

இரண்டு, அல்ட்ரா: மிஞ்சியது. மூன்று, மைக்ரோ: நுண்ணியது. நான்கு, ஸ்காப்பிக்: பார்ப்பது. ஐந்து, சிலிக்கோ: மணல் சத்து. ஆறு, வால்கேனோ: எரிமலை. ஏழு, கோனி: தூசி. எட்டு, ஓசிஸ்: நோய். எட்டும் கிரேக்கம் என்றார். ஐந்துதான் கிரேக்கம், மூன்று லத்தீன் என்று பிற்பாடு பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு அதுகூடச் சரியாகத் தெரியவில்லை. எட்டையும் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியாத எரிமலைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய்.

ஏழாம் நாள், அதாவது தூசி நாள், நான் கேட்டேன். "சார், தூசி போனா நெஞ்சு கெடுமா?"

"கெடும்னுதானலே நாப்பத்தஞ்சு எழுத்துல எழுதி வச்சிருக்கான்."

"அப்ப பஞ்சுத் தூசி?"

அவர் சிரித்தார். சன்னல் வழியாகத் துப்பிவிட்டு வந்து மறுபடி சிரித்தார். "பஞ்சு மெத்தைக்கு ஆகும். நோய்க்கு ஆகாது. இது வெள்ளைக்காரன் நாட்டு நோய்லே, எரிமல வேணும். கோயில்பட்டியில எங்கன இருக்கு எரிமல? ஒங்கப்பன் வாயிலயா?"

நானும் சிரித்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் சிரித்தேன். ஜியாமெட்ரி பாக்ஸ் பரிசு என்று சொல்லியிருந்தார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. இன்னொரு குறி விழுந்தால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்ற பயத்தில் அம்மா, அப்பாவை அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள். "குடிச்சாத்தானே விடணும்" என்றார் அப்பா. அப்படியானால் குடித்ததே இல்லை என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யுங்கள் என்றாள். கொழுந்துவிட்டு எரிந்த சூடத்தை அவர் வலது உள்ளங்கையால் அமுக்கி அணைத்தார். தெருக்காரர்கள் பதினாலு பேர் பார்த்தார்கள். உள்ளங்கையில் நாலணா அளவுக்குக் கொப்புளம் எழும்பியது. அன்று மாலை அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. அவருடன் வேலை பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னது: மில் ஆஸ்பத்திரிக்குப் போனால் மூன்றாவது குறி விழும் என்பதால், அவர் போகவில்லை. பஞ்சுக் கட்டுகளுக்குப் பின்னால் போய்த் துண்டை வாயில் திணித்துக்கொண்டு இருமியிருக்கிறார். ஆறு மணி நேரம் அப்படியே சமாளித்துச் சங்கு ஊதும்வரை நின்றிருக்கிறார். அன்றைய திங்களை அவர் ஜெயித்துவிட்டார். அதை நினைவில் வையுங்கள்.

சூடம் அணைத்த மறுநாளே நெஞ்சடைப்பு என்ற செய்தி மட்டும் அவருக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. பொய்ச் சத்தியம், அம்மன் ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை என்றார்கள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு விழாவுக்கு வரவே இல்லை.

அப்பா வந்தார். குளிக்கக்கூட நேரமில்லாமல், வெள்ளைப் புருவத்தோடு, கூட்டத்துக்குக் கடைசியில் நின்றார். நான் வார்த்தையைச் சொல்லி முடித்ததும் நீங்கள் கைதட்டினீர்கள். கைதட்டல் அடங்கிய இடத்தில் இருமல் கேட்டது. பகல் முழுதும் அடக்கியது மொத்தமாக வந்தது. நிற்கவில்லை. உங்களில் சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். யார் யார் என்று எழுதமாட்டேன். எனக்குத் தெரியும்.

"யாருப்பா அது?" என்று மேனேஜர் முன்வரிசையில் கேட்டார். கழுத்து மாலையிலிருந்து அரளி வாடை வந்தது.

"நம்ம புளோரூம் ஆள்தான் சார். பயலோட தகப்பன்" என்றார் கம்பவுண்டர். "திங்கக்கிழம பாருங்க."

எனக்கு அப்போது பெரிய ஞானம் வந்துவிட்டதுபோல் இருந்தது. எட்டு டோஸ் குடித்தவன் அல்லவா? நுரையீரல், தூசி, நோய் எல்லாம் தெரியும். கையில் கணக்கும் இருக்கிறது. இதைக் காட்டினால் அப்பாவைக் காப்பாற்றிவிடலாம். மேடையிலிருந்து இறங்கி, டவுசர் இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் நோட்டை எடுத்துக் கம்பவுண்டரிடம் நீட்டினேன்.

"சார், எங்க அப்பாவுக்கு இருக்கது தூசி நோய். எண்ணி வச்சிருக்கேன் பாருங்க."

அவர் பக்கத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. நோட்டை அப்படியே மேனேஜர் பக்கம் திருப்பினார். "பாத்தீங்களா சார்! ஞாயித்துக்கிழம எட்டு, திங்கக்கிழம நூத்திப் பதினொண்ணு. குடியரசு தினத்துக்கு லீவு விட்டோம்ல, செவ்வாக்கிழமைக்கு ரெண்டு அடிக்கோடே போட்டிருக்கான். லீவு விட்டா ஊத்திக்கிடுதான்னு பெத்த பிள்ளையே கணக்கு எழுதியிருக்கான். இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

"இல்ல சார், அப்பா கண்மாய்க்குத்தான்…" என்றேன்.

"சரிலே, சரிலே. அப்பன விட்டுக்குடுக்க மாட்டான், நல்ல பய" என்று மேனேஜர் என் கன்னத்தைத் தட்டினார். ஜியாமெட்ரி பாக்ஸை என் கையில் வைத்தார். நோட்டு கம்பவுண்டரின் சட்டைப் பைக்குள் மடங்கிப் போயிற்று. எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மறுநாள் காலை பேரேட்டில் மூன்றாவது குறி விழுந்தது. அப்பா ஆஸ்பத்திரிக்கே போகாத ஒரு திங்கட்கிழமைக்கு.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா ஓடைப் பாலத்தில் மூச்சு வாங்க நின்றார். "தூரத்துல இருந்து பாத்தேன்லே. கோடெல்லாம் நேரா போட்டிருக்க" என்றார். அவ்வளவுதான்.

பதிலி ஆனபிறகு மாதத்தில் பத்துநாள் வேலை கிடைத்தால் அதிகம். வேலை இல்லாத நாட்களில் இருமல் குறைந்தது. "பாரு, வேலைய விட்டு எடுத்ததும் இருமல் நின்னுட்டு, அம்புட்டும் நடிப்பு" என்றார்கள். நாலு நாள் கழித்து ஒரு நாள் கூப்பிட்டால் அந்த நாள் அவருக்குத் திங்கட்கிழமையாக இருக்கும். "கெடச்ச காசுல நேத்தே ஊத்திக்கிட்டான்" என்றார்கள். இப்படியும் குடி, அப்படியும் குடி. எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கு அவர்களுக்குச் சரியாக வந்தது.

அடுத்த வருஷம் மதுவிலக்கை எடுத்தார்கள். எங்கள் தெருமுனையிலிருந்து நூற்றிருபது காலடியில் சாராயக் கடை வந்தது. அம்மா ஒரு மாதம் வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். அப்பா கண்மாய்க்குத்தான் போனார். ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்திக் கேட்டாள்: "ஏலே, அப்ப அன்னைக்கும் குடிக்கலையோ?" கேட்டது அப்பாவிடம் இல்லை, என்னிடம். அவரிடம் அவள் கடைசிவரை கேட்கவில்லை. நாற்பத்துநான்கு வயதில் அவர் போனபோது உள்ளங்கையில் அந்தச் சூடத் தழும்பு இருந்தது. குடிச்சே போயிட்டான் என்று பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போகும்போதே பேசிக்கொண்டார்கள்.

நண்பர்களே, இதுவரைக்கும் சொன்னதில் கம்பவுண்டரை மட்டும் திட்டிவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு மாதமாக எனக்கும் இருமல். நான் இருபத்தொன்பது வருஷம் தபால் ஆபீசில் உட்கார்ந்தவன். அங்கேயும் தூசிக்குக் குறைவில்லை. போன செவ்வாய்க்கிழமை இங்கே ஒரு நெஞ்சு டாக்டரம்மாவிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும். கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஐயா, அப்பா என்ன வேலை பாத்தாங்க?"

"பஞ்சு மில். புளோரூம்."

"லீவு முடிஞ்சு போற முத நாள் அவங்களுக்கு நெஞ்சு ரொம்ப அடைக்குமோ?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல ஐயா. பஞ்சுத் தூசிக்கு அப்படித்தான். ஒண்ணு ரெண்டு நாள் விட்டுட்டுத் திரும்பப் போனா, ஒடம்பு அன்னைக்குத்தான் ரொம்ப எதுத்துக்கிடும். அதுக்குப் பேரே திங்கக்கிழமை நெஞ்சடைப்புதான். நாங்க படிக்கையில மொத பாடமே இதுதான்."

பேரை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். பைசினோசிஸ். ஆங்கிலத்தில் எண்ணினேன்: பத்து எழுத்து. பழக்கதோஷம், உடைத்துப் பார்த்தேன். இரண்டே துண்டு. முன்துண்டு, கிரேக்கத்தில் மெல்லிய நூல்துணி என்றார் டாக்டரம்மா. பின்துண்டு எனக்குத் தெரியும். அது எட்டாவது டோஸ்.

கம்பவுண்டரின் அந்தத் தலையணை அகராதியில், ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்திலேயே இது இருந்திருக்கும். அவர் இதைத் தாண்டிப் பதினாறாம் எழுத்துக்குப் போய், எனக்கு எரிமலை எடுத்துக் கொடுத்தார். நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். ஜியாமெட்ரி பாக்ஸ் துருப்பிடித்து எங்கோ போய்விட்டது. அந்தச் சீசாவை எங்கே போட்டேனோ தெரியவில்லை.

வெளியே வந்ததும் சீட்டு எழுதும் பெண் கூப்பிட்டாள். பதிவுக்கு ஐம்பது, டாக்டருக்கு முந்நூறு. எண்ணிக் கொடுத்தேன். பதினைந்து காசுக்கு வாங்கிய நோட்டில் பதினோரு வயதில் நான் எழுதி வைத்திருந்ததை, ஐம்பத்தைந்து வருஷம் கழித்து இன்னொருவர் வாயால் கேட்க எனக்கு ஆன செலவு, முந்நூற்று ஐம்பது ரூபாய்.